நாக்கால் அளந்த உப்பு

மகளின் வயிற்றில் பை ஒட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்று, மருத்துவமனையில் கையில் கொடுத்தது ஒரே ஒரு தாள். முழுக்க ஆங்கிலம். நான் பி.காம். படித்தவன். மூன்று தடவை வாசித்தேன். நான்காவது தடவை வாசித்தபோதுதான் எதுவுமே மனதில் நிற்கவில்லை என்று தெரிந்தது. மனைவியையும் மகளையும் மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு மறுபடியும் மாடிப்படி ஏறினேன்.

அது 2005, மார்ச் மாதக் கடைசி. மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவளுக்குப் பத்து நாள் மருந்துக்கடை மாத்திரையே கொடுத்தோம். கொடுத்தோம் என்ன, நான்தான் கொடுத்தேன். பரீட்சை நேரம், தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். டைஃபாய்டு குடலில் ஓட்டை போட்ட பிறகுதான் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அறுவை சிகிச்சை செய்து, சிறுகுடலின் ஒரு முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைத்துத் தைத்திருந்தார்கள். சாப்பிடுவது எல்லாம் அந்த வாய் வழியாகப் பையில் வந்து விழும். மூன்று மாதம் கழித்து உள்ளே வைத்து மூடிவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் ஒரு நிபந்தனை. உடம்பு தேற வேண்டும், எடை ஏற வேண்டும், உடம்பில் தண்ணீர் வற்றவே கூடாது. வற்றினால் மூடுவது தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளிப்போகும் என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தட்டலை நினைத்தே நான் பல நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.

பைகளைப் பற்றிச் சொல்லித்தர அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும் என் சட்டைப்பையைப் பார்த்தார்.

"அது கேமரா போனாங்க?"

"ஆமா சிஸ்டர். மச்சான் துபாய்லேர்ந்து கொண்டாந்து குடுத்தது."

"வீடியோ புடிக்குமா?"

"புடிக்கும்னு நெனைக்கிறேன்."

"நெனைச்சிக்கிட்டே நிக்காதீங்க, போய்ப் பொண்ண கூட்டிட்டு வாங்க. நான் சொல்லிச் சொல்லிக் காமிக்கிறேன், நீங்க புடிச்சிக்கோங்க. வீட்டுல போட்டுப் பாத்துச் செய்யலாம்ல?"

மகள் வந்தாள். விஷயம் தெரிந்ததும் துப்பட்டாவை இழுத்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

"என் வயித்த போன்ல புடிச்சீங்கன்னா நான் வீட்டுக்கே வரமாட்டேன். இங்கயே கெடக்குறேன்."

அப்போது கேமரா போன் என்றாலே பெண்பிள்ளைகளுக்குப் பயம். எந்தப் பள்ளியிலோ யாருடைய படமோ போன் போனாகச் சுற்றியது என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் பயந்ததில் தப்பே இல்லை. நான் அதட்டப் போனேன். சிஸ்டர் என்னைக் கையமர்த்திவிட்டு ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தார். அதன் நடுவில் ஓட்டை போட்டார். ரப்பர் கையுறையின் கட்டைவிரலில் பஞ்சை அடைத்து, அந்த ஓட்டை வழியாக வெளியே இழுத்து நிறுத்தினார்.

"இந்தா, இதான் உன் குடலு. ஒரு பேர் வெச்சிக்கோ. உனக்குப் புடிக்காத டீச்சர் பேரா வை."

மகள் ஒரு பேர் சொன்னாள். அந்த டீச்சரை எனக்கும் தெரியும் என்பதால் இங்கே எழுதவில்லை. இருபது நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் போனில் ஒரு வீடியோ ஒரு நிமிடம்கூட ஓடாது. அதனால் துண்டு துண்டாகப் பிடித்தோம். பழைய பையை ஈரத்துணி வைத்து எப்படி மெதுவாகப் பிரிப்பது, சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் எப்படித் துடைப்பது, புதுப் பையில் ஓட்டையை என்ன அளவுக்கு வெட்டுவது, எப்படி ஒட்டிக் கையால் அழுத்திச் சூடேற்றுவது, பை எவ்வளவு நிரம்பியதும் காலி பண்ணுவது என்று ஏழு துண்டுகள். இன்றைக்கு இதற்கென்றே போனில் செயலிகள் வந்துவிட்டன என்கிறார்கள். எங்களுக்கு அந்த ஏழு துண்டுகள்தான் எல்லாம். அட்டைப்பெட்டி மூடியும், கையுறை விரலும், பின்னால் காற்றாடி சுற்றும் சத்தத்தோடு சிஸ்டரின் குரலும்.

எட்டாவதாக அவர் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பையில் தண்ணீராகப் போனால் கூடவே உடம்பின் உப்பும் போய்விடும், அதை உடனே ஈடுகட்ட வேண்டும் என்றார். ஸ்பூனைக் கையில் எடுத்தார். போனில் இடம் தீரப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. நான் போனை மூடிவிட்டேன்.

"உப்புத் தண்ணி கலக்குறத எனக்கா சிஸ்டர் சொல்லித்தரணும்? நான் மரக்காணம். உப்பளத்துலதான் வேலை."

சிஸ்டர் சிரித்தார். "அது சரி. கொல்லன் தெருவுல ஊசி வித்த கத ஆயிடும். ஆனா ஒண்ணு, கலக்கிட்டு வாயில வெச்சிப் பாருங்க. கண்ணீர் எவ்ளோ கரிக்கும், அவ்ளோதான் கரிக்கணும். மேல போச்சுன்னா கீழ ஊத்திடுங்க."

கண்ணீர் அளவு. அதை நான் மறக்கவில்லை.

வீட்டில் எங்களுக்கு ஒரு முறை பழகிவிட்டது. மகள் அறையில் படுத்திருப்பாள். மனைவி பக்கத்தில் வெந்நீரோடும் பஞ்சோடும் உட்கார்ந்திருப்பாள். நான் கதவுக்கு வெளியே, முதுகை அவர்கள் பக்கம் திருப்பி நாற்காலியில் இருப்பேன். போனில் ஒன்றாம் துண்டைப் போடுவேன். சிஸ்டரின் குரல் கேட்கும். "நிறுத்துங்க" என்பாள் மனைவி. நிறுத்துவேன். உள்ளே ஏதோ நடக்கும். என்ன நடக்கிறது என்று தெரியாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். "ம், போடுங்க." அடுத்தது.

"சிவந்திருக்குதா? சுத்தி சிவந்திருக்குதா பாரு," என்று கேட்பேன்.

"செத்த நேரம் சும்மா இருங்களேன். நீங்க கேக்குறதுல எனக்கு ஒட்ட வர மாட்டேங்குது."

சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. பை காலி பண்ண நேரமாயிற்று என்று நினைவூட்டப் போனில் ஒரு நாளைக்கு ஆறு அலாரம் வைத்தேன். அதில் தமிழ் வராது என்பதால் ஆங்கில எழுத்தில் 'பை' என்று எழுதி வைத்திருந்தேன். உப்பளத்தில் நிற்கும்போது அலாரம் அடித்தால் வீட்டுக்குப் போன் போடுவேன். உப்பளத்தில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உள்ள வரப்பு மேடு. கூடை சுமக்கும் பெண்கள் என்னைப் பார்த்து, "மேஸ்திரிக்கு வயசான காலத்துல லவ்வு வந்துட்டுது, ஓடுறாரு பாரு" என்று கிண்டல் செய்வார்கள். நான் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. பெண்பிள்ளை. நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயம்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாத்திகளில் பாய்ச்சிய தண்ணீர் வெயிலில் சுண்டிச் சுண்டிக் கெட்டியாகும். எந்தப் பாத்தி உப்பு இறங்கத் தயார் என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். எனக்குக் குழாய் வேண்டாம். விரலை நனைத்து நாக்கில் வைத்தே சொல்லிவிடுவேன். வெளியூர் ஆட்கள் உப்பளம் பார்க்க வந்தால் முதலாளி என்னைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுவார். நான் டிகிரி சொல்வேன், பிறகு குழாயைப் போடுவார்கள், ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். இருபது வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, இருபது தடவை அப்படி நாக்கில் வைத்திருக்கிறேன்.

மே மாதம் கத்திரி வெயில் தொடங்கியது. மகளின் பையில் விழுவது தண்ணீராகிவிட்டது. காலையில் மூன்று தடவை காலி பண்ணினாள். மத்தியானம் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு இழுக்குது என்று அழுதாள். உப்புக் குறைந்தால் அப்படித்தான் இழுக்கும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பானையில் ஊற்றினேன். சர்க்கரை போட்டேன். நம் பாத்தியில் எடுத்த நல்ல வெள்ளைக் கல்லுப்பைப் போட்டுக் கரைத்தேன். எச்சில் படாமல் உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஊற்றி நக்கிப் பார்த்தேன். உப்பே தெரியவில்லை. இன்னும் போட்டேன். மறுபடி பார்த்தேன். இன்னும் கொஞ்சம். கடைசியில் லேசாக, மிக லேசாக, அழும்போது உதட்டோரம் வந்து விழுமே, அந்த அளவுக்குக் கரித்தது. சரியாக இருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி.

மகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கரிக்குதுப்பா."

"கரிக்கத்தான் செய்யும். மருந்துன்னு நெனைச்சிக் குடி."

"ரொம்பக் கரிக்குதுப்பா. குமட்டுது."

"உனக்கு உப்ப பத்தி என்னாடி தெரியும்? காலு இழுக்குதுல்ல? குடி."

குடித்தாள். அரைமணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். வாந்தியில் போனதையும் ஈடுகட்ட வேண்டும் என்று நான் இன்னொரு டம்ளர் ஊற்றினேன். பையில் இன்னும் தண்ணீராகப் போயிற்று. அதற்கும் சேர்த்து இன்னொரு டம்ளர். மகள் குடிக்கும் பானையில் யாரும் வாய் வைக்கக் கூடாது, கிருமி பட்டுவிடும் என்று நானே சட்டம் போட்டிருந்தேன். அதனால் மனைவி அதைத் தொடக்கூட இல்லை. மகள் குடிக்க மாட்டேன் என்றபோது மனைவி எனக்குத்தான் துணை நின்றாள். "அப்பா சொல்றாருல்ல, உப்பப் பத்தி அவருக்குத் தெரியாதா?"

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. மகளின் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. கேட்டதற்கெல்லாம் ம், ம் என்றாள். ஏழு துண்டுகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எதிலும் இதற்குப் பதில் இல்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

பத்து மணி இருக்கும். வாசலில் ஒருவர் வந்து நின்றார். அனுமந்தை ஊர்க்காரர். மீன்பிடிக்கிறவர். நாற்பது வயது இருக்கும். அவருக்கும் வயிற்றில் பை, நிரந்தரமாக வைத்தது. வரப்போவதாக சிஸ்டர் முந்தின வாரமே போனில் சொல்லியிருந்தார். நான்தான் மறந்துவிட்டேன்.

"அண்ணே, சிஸ்டரம்மா அனுப்புனாங்க. உங்க போன்ல படம் இருக்குதாமே. ஒட்டுனா ரெண்டு நாள் நிக்க மாட்டேங்குது, பொசுக்குன்னு அவுந்துக்குது. போன வாரம் பஸ்ல அவுந்து, கண்டக்டரு என்னைய எறக்கி உட்டுட்டான்."

உட்காரச் சொன்னேன். போனைக் கையில் கொடுத்தேன். அவர் கையுறை விரலைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே இது, பொம்மலாட்டமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. வெயிலில் வந்தவர், நெற்றியெல்லாம் வியர்வை. இவருக்கும் உப்புத் தண்ணீர் நல்லதுதானே என்று பானையிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினேன்.

ஒரு வாய் உறிஞ்சினார். எழுந்து வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"ஏண்ணே! இன்னாண்ணே குடுத்த? கடல்ல கவுந்து நாலு வாய் குடிச்சிருக்கேன், அதுகூட இப்பிடிக் கரிக்காதுண்ணே!"

"கண்ணீர் அளவுதானே போட்டேன்," என்றேன்.

"யாரு கண்ணீரு? ஊட்டுல யாரு இதக் குடிக்கிறாங்க?"

நான் அறையின் பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார். மனைவி சமையலறையிலிருந்து வந்து, பானையில் விரலை விட்டு வாயில் வைத்தாள். அவள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தாள்.

சிஸ்டருக்குப் போன் போட்டேன். வீட்டில் விட்டு விட்டுத்தான் கேட்கும். தெருவில் போய் நின்று கத்தினேன்.

"எத்தன ஸ்பூன் போட்டீங்க?"

"ஸ்பூன் இல்ல சிஸ்டர். நாக்குல பாத்தேன்."



"எத்தன வருஷமா உப்பளத்துல இருக்கீங்க?"

"இருபது."

"கெட்டி உப்புத் தண்ணியிலயே பழகி மரத்துப்போன அந்த நாக்க வெச்சா பாத்தீங்க?" என்றார். பிறகு குரல் மாறியது. "உப்பு கூடிச்சுன்னா உடம்புல இருக்குற தண்ணியையும் குடலு இழுத்து வெளிய தள்ளிடும். உடனே கூட்டிட்டு வாங்க. இனிமே வீட்டுல எதையும் கலக்காதீங்க. பொறப்படுங்க."

வாடகைக் காரை அனுமந்தைக்காரர்தான் ஓடிப் போய்ப் பிடித்து வந்தார். அவரும் எங்களோடு ஏறிக்கொண்டார். அவருடைய ஊர் வந்தபோது இறங்கவில்லை. பின் சீட்டில் மகளின் தலை மனைவியின் மடியில் கிடந்தது. நான் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நிமிடமும் திரும்பிப் பார்த்தேன். பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது லாரி ஒன்று வழிவிடவில்லை. கண்ணாடியை இறக்கி அந்த டிரைவரை என்னென்னவோ திட்டினேன். என் வாயில் அப்படிப்பட்ட வார்த்தைகள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"அப்பா," என்றாள் மகள்.

"என்னம்மா?"

"கத்தாதீங்க. தலை வலிக்குது."

அவள் பேசியதே போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு நாள் டிரிப்ஸ் ஏறியது. முதல் இரண்டு நாள் சிறுநீரைப் பார்த்துப் பார்த்து டாக்டர்கள் ஏதோ எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தோளைத் தட்டிவிடுவார்களோ என்று பயம். மூன்றாம் நாள் மகள் இட்லி கேட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கயாவது போய் நில்லுங்கப்பா" என்று விரட்டினாள்.

கிளம்பும் நாளில் சிஸ்டர் என்னை மேசையின் முன்னால் நிறுத்தினார். ஒரு லிட்டர் பாட்டில், ஸ்பூன், சர்க்கரை, கடையில் விற்கும் தூள் உப்பு எல்லாம் இருந்தன.

"இப்ப நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. பொண்ணு புடிக்கட்டும்."

மகள் போனிலிருந்த பழைய படங்களை அழித்து இடம் பண்ணிக்கொண்டு பிடித்தாள். நான் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை. தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. விரலால் ஸ்பூனைச் சமம் பண்ணும்போது கொஞ்சம் சிந்தியது. "திரும்ப எடுங்க," என்றாள் மகள். திரும்ப எடுத்தேன். கல்லுப்பு வேண்டாம், ஸ்பூனில் ஏறும்போது ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் அளவு மாறும் என்று சொன்னேன். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் நாக்கில் பார்க்கவே கூடாது, வேறு யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு மகளைப் பார்த்தேன். மகள் போனை இறக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும் அல்லவா.

அந்த எட்டாவது துண்டைச் சிஸ்டர் பின்னாளில் தாம் வாங்கிய புதுப் போனுக்கு புளூடூத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு எங்கள் பக்கத்து உப்பளத்து ஆட்கள் யாராவது பையோடு வந்தால் அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவாராம். அனுமந்தைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னாண்ணே, ஸ்டாரு" என்பார். யார் யார் போனிலோ என் முகமும் என் முட்டாள்தனமும் இருக்கின்றன என்று நினைத்தால் கூசும். இருக்கட்டும் என்றும் தோன்றும்.

வீட்டுக்கு வந்தபின் உப்புத் தண்ணீரை மகளே கலந்துகொண்டாள். என்னை ஸ்பூனைத் தொடவிடவில்லை. அவள் குடிக்கும்போது கரிக்கிறதா என்று கேட்கத் தோன்றும். கேட்க மாட்டேன். அவள் எடை ஏறியதா என்று அரிசி மண்டித் தராசில் வாரா வாரம் நிறுத்துப் பார்த்தோம். மூன்று மாதம் நான்கு மாதமானது. நான் கொடுத்த உப்பால்தான் அந்த ஒரு மாதம் தள்ளிப்போனது என்று டாக்டர் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலைக் கடைசியில் மூடினார்கள். குடலை உள்ளே வைத்துத் தைத்தாயிற்று, இனி அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. வயிறு லேசாக உப்பியது. வார்டில் இருந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்ததும் "ஆச்சா?" என்று கேட்டார்கள். தெரியாதவர்கள்கூடக் கேட்டார்கள். நான்காம் நாள் காலை மகள் திடீரென்று எழுந்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குள் போனாள். மனைவி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நான் கதவை ஒட்டிப் போய் நின்றேன். உள்ளே சத்தமில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். கதவில் காதை வைத்தேன்.

"என்னாம்மா? ஆச்சா?"

"அப்பா!"

"என்னாம்மா?"

"அங்க நிக்காதீங்க. நீங்க நின்னா வராது. போங்க."

போனேன். நடையின் கடைசிவரை போய், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு வாளி. பிறகு இன்னொரு வாளி.